நத்தார் கரோலுக்குச் சினிமா மெட்டு: வாலிபர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: உவர்மலைப் போதகர்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு மெதடிஸ்த சபையில் போதகர். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு முன் சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வாலிபர் ஐக்கியம் இந்த வருடக் கரோலுக்கு ஒரு பாட்டைத் தயார் செய்திருக்கிறது. மெட்டு, எல்லாக் கலியாண வீட்டிலும் போட்டு ஆடுகிற ஒரு குத்துப்பாட்டின் மெட்டு. அதில் மாட்டுக்கொட்டில், மேய்ப்பர், நட்சத்திரம் என்று வரிகளை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒத்திகையைக் கேட்ட உக்கிராணக்காரர் (சபைப் பொறுப்பாளர்) ஒருவர் மறுநாள் விடியவே, நான் குடியிருக்கும் மிஷன் வீட்டுக்கு வந்துவிட்டார். கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. "ஐயா, ஆலயத்திலிருந்து புறப்படப்போவது கரோலா, இசைக்குழுவா?" என்றார். பின்னேரம் வாலிபர் ஐக்கியத் தலைவி வந்தாள். அவள் தேத்தண்ணீரைக் குடித்து, பிஸ்கட்டையும் முடித்துவிட்டு, "ஐயா, இந்த முறையும் பழைய பாட்டென்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

என் சொந்த நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் படம் பார்ப்பவன். பிரசங்கத்தில் ஒருமுறை ஒரு படக் காட்சியைச் சொன்னேன். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது வயதான ஒருவர் என் கையை விடாமல், "ஐயாவும் பார்க்கிறதோ?" என்று கேட்டார். அந்த 'ஓ'வில் ஒரு முழுப் பிரசங்கமே இருந்தது.

வீடு சந்திப்பில் இது தினசரி விஷயம். வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகுதான் போகலாம், ஆகவே ஆறரை ஏழு மணியாகிவிடும். அதுதான் சீரியல் நேரம். படலையைத் திறக்கும்போது உள்ளே சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றும்போது சத்தம் நின்றுவிடும். டிவியை நிறுத்துவதில்லை, ஓசையை மட்டும்தான். நான் சங்கீதம் வாசிப்பேன், எனக்குப் பின்னால் ஒரு மருமகள் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருப்பாள். ஜெபத்தின்போது வீட்டம்மா ஒரு கண்ணைத் திறந்து திரையைப் பார்ப்பார். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

இப்போதெல்லாம் நான், "சத்தத்தை வையுங்கோ அம்மா, விளம்பரம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூட இருந்து பார்க்கிறேன். ஒரு வீட்டில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீரியலில் மகன் தாயின் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கிறான். விளம்பரம் வந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, சவர்க்கார விளம்பரத்தைப் பார்த்தபடியே, "கனடாவில் இருக்கிறவன் போன நத்தாருக்குப் பிறகு எடுக்கவில்லை ஐயா" என்றார். நான் பல தடவை போய் வந்த வீடு அது. அந்த மகனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "சுகமாக இருக்கிறான்" என்றுதான் பதில் வரும். அன்றைக்கு விளம்பரம் முடிந்து சீரியல் மறுபடி தொடங்கியது, நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

பிக்பாஸைப் பற்றி வேறு ஒரு எண்ணம். எங்கள் மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி, 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வகுப்புக் கூட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார். ஏறக்குறைய பன்னிரண்டு பேர், வாரம் ஒருமுறை கூடி, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு ஒரு பென்னி சேர்க்கப் போய் உருவான ஏற்பாடு அது. எங்கள் சபையில் அப்படி ஒரு கூட்டம் வைத்தால் மூன்று பேர் வருவார்கள், மூன்று பேரும் "எல்லாம் நல்லம்" என்பார்கள். அதே ஆட்கள் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்த சிலர் சண்டை பிடித்து, அழுது, மன்னிப்புக் கேட்பதை நூறு நாளுக்கு இரவு இரவாக இருந்து பார்க்கிறார்கள். அடுத்தவர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆசை நம் ஆட்களிடம் நிறையவே இருக்கிறது, அது ஆலயத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சினிமா என்றதும் எனக்குக் கோபம் வருவதில்லை. இருந்தும் அந்தப் பாட்டைக் கேட்டபோது ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பதில்: நிலாவெளி சாட்சி

பாஸ்டர், கோபிக்க வேண்டாம். வேத வசனம் தெளிவாக இருக்கும்போது கூட்டம் எதற்கு? "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று ரோமர் 12:2 சொல்கிறது. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்று 1 கொரிந்தியர் 15:33 சொல்கிறது. எங்கள் சபையில் டிவியே இல்லாத வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

வசனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நான் இரட்சிக்கப்படும் முன் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் விடியவிடிய வாசித்திருக்கிறேன். அந்த மெட்டு காதில் விழுந்தால் நீங்கள் மாற்றிப் போட்ட வரி எனக்குள் வராது, பழைய வரிதான் வரும். பழைய வரியோடு பழைய போத்தலும் வரும். உங்கள் கரோல் கூட்டம் என் வீட்டு வாசலில் அந்தப் பாட்டைப் பாடினால் நான் கதவைத் திறக்க மாட்டேன் பாஸ்டர். அகங்காரத்தில் அல்ல, பயத்தில்.


பதில்: தவில்காரர் மகன்

ஐயா, நான் சைவம். ஆனால் இந்தச் சண்டையை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டிலும் ஓடுகிறது.

அப்பா தவில். திருவிழாவில் சுவாமி வெளிக்கிடும்போது நாதஸ்வரத்தில் மல்லாரிதான். அதை யாரும் மாற்ற மாட்டார்கள், மாற்றச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்கள். வரியே இல்லாத இசை அது, கம்பீரநாட்டை ராகம். ஆனால் சுவாமி வீதியில் ஓரிடத்தில் நின்று மேளச்சமா (மேளக் கச்சேரி) தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து காதுக்குள் ஒரு படப்பாட்டின் பெயரைச் சொல்வார்கள். நாதஸ்வரக்காரர் சிரித்துக்கொண்டே வாசிப்பார். அதுவரை ஐஸ்கிறீம் வானைச் சுற்றி நின்ற சனமெல்லாம் மேளத்தைச் சுற்றி வந்துவிடும். கோயில் தலைவருக்கு அது பிடிக்காது, ஆனால் அவரும் அந்த நேரம் எழும்பிப் போவதில்லை, கதிரையை மட்டும் மறுபக்கம் திருப்பிவிடுவார்.

அப்பா சொல்வது, எங்கே எதை வாசிக்கிறாய் என்பதுதான் முக்கியம் என்று. சுவாமி வெளிக்கிடும்போது படப்பாட்டு வாசித்தால் அவரே தவிலைக் கழற்றி வைத்துவிடுவார். சந்தியில் நின்று மல்லாரி மட்டும்தான் வாசிப்பேன் என்கிற ஆளைப் பார்த்தும் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.


பதில்: பாலையூற்று அக்கா

போதகர் ஐயாவுக்குத் தோத்திரம். நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பக்கக் கதையையும் கேளுங்கள்.

கூத்து என்றால் ஒரு காலத்தில் நாகரிகமானவர்கள் மூக்கைச் சுளித்த விஷயம். விடியவிடியக் கொட்டகை, சாராயம், சண்டை எல்லாம் இருந்ததுதான். ஆனால் மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் எங்கள் ஆட்கள் அதே கூத்தில்தான் புனிதர்களின் கதையை ஆடினார்கள். என் அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அவவுக்குப் புனிதர்களைத் தெரிந்ததே கூத்திலிருந்துதான். பிறகு 1965 இல் மரிய சேவியர் அடிகள் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். ஒரு குருவானவர் நாடகமும் கூத்துமாகவே வாழ்நாளைக் கழித்தார். இயேசுவின் பாடுகளை நடிக்கும் அவருடைய குழுவின் திருப்பாடுகளின் காட்சியைப் பார்த்து அழாமல் வந்தவர்களை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. கூத்துக்காரர் யாரோ ஆடிய கூத்தின் பெயரை மாற்றி ஆடவில்லை. ஆட்டத்தையும் தாளத்தையும் எடுத்தார்கள், பாட்டை இருந்து எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள் ஐயா: உங்களுக்கு வேண்டியது அந்த மெட்டா, அந்தத் தாள அடியா?

நிலாவெளித் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என் அவருக்கும் சில பாட்டுகள் அப்படித்தான்.


பதில்: நேரம் போதாதவள்

ஐயா, நான் யாரென்று உங்களுக்கு விளங்கும். பிஸ்கட் கதையை எழுதியிருக்க வேண்டாம்.

பாலையூற்று அக்கா கேட்டதற்குப் பதில்: அடிதான் வேண்டும். எங்களில் ஒருவருக்கும் மெட்டுப் போடத் தெரியாது, அதனால்தான் ஆயத்தமாக இருந்ததை எடுத்தோம். போன முறை அன்புவழிபுரத்தில் நாங்கள் கீர்த்தனை பாடிக்கொண்டு நிற்க, கேட்டைத் திறந்த அண்ணா எங்களுக்குத் தலையாட்டிக்கொண்டே போனில் டிக்டொக் தள்ளிக்கொண்டு நின்றார். மழை வேறு. பாட்டு முடிந்தது அவருக்குத் தெரியவில்லை, நாங்கள் "நத்தார் வாழ்த்துகள்" என்று கத்திய பிறகுதான் நிமிர்ந்தார். அவரைக் குறை சொல்லி என்ன, நாங்களே அரைத் தூக்கத்தில்தான் பாடினோம்.

2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் டிவி பாட்டுப் போட்டியில் வென்ற கிழமை கரோல் போனது நினைவிருக்கிறதா? போன வீடெல்லாம் அந்தப் பிள்ளையைப் பற்றிய கதைதான். உவர்மலையில் ஒரு ஆச்சி எங்களில் சின்னவளைப் பிடித்து "நீயும் ஒன்று பாடு பாப்பம்" என்று தனியாகப் பாட வைத்தா. பாட்டு என்றால் சனத்துக்கு விருப்பம்தான் ஐயா. நாங்கள் பாடுகிற விதம்தான் பிழை.


பதில்: உவர்மலைப் போதகர்

எல்லோருக்கும் நன்றி. நீளமாக எழுதப்போகிறேன், பிரசங்கிகளின் வியாதி.

முதலில் நிலாவெளித் தம்பிக்கு. நீங்கள் சொன்ன 1 கொரிந்தியர் 15:33 ஐ நானும் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஓய்வுநாள் பாடசாலையில் தியேட்டர் பக்கம் போகாதே என்பதற்கு அதுதான் ஆயத்த வசனம். இறையியல் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த வரி, அந்த நிருபத்தை எழுதிய பவுலின் சொந்த வரி அல்ல. மெனாந்தர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வரி என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், அதுவும் நகைச்சுவை நாடகங்கள் எழுதியவர். பவுல் காலத்தில் அது கொரிந்து வீதிகளில் பழமொழி போலப் புழங்கியிருக்கும். தியேட்டருக்குப் போகாதே என்று நமக்குச் சொன்ன வசனமே ஒரு கொமெடி மேடையிலிருந்து வந்திருக்கிறது. அத்தேனே பட்டணத்தில் நின்று "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று பவுல் கிரேக்கக் கவிதையைச் சொன்னதும் அப்போஸ்தலர் 17 இல் இருக்கிறது. தன் சனம் எதைக் கேட்டுச் சிரித்தது, எதைப் பாடியது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக நான் உங்களை வென்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இரண்டாவது பந்திக்கு என்னிடம் மறுப்பு இல்லை. 1725 இல் ஜோன் வெஸ்லிக்கு அவருடைய தாய் சுசன்னா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எது உன் புத்தியைப் பலவீனமாக்குகிறதோ, மனச்சாட்சியின் மென்மையைக் கெடுக்கிறதோ, கடவுளைப் பற்றிய உணர்வை மங்கவைக்கிறதோ, ஆவிக்குரியவற்றின் ருசியை எடுத்துப்போடுகிறதோ, அது தன்னளவில் எவ்வளவு குற்றமற்றதாக இருந்தாலும் உனக்கு அது பாவம் என்பது அதன் சாரம். 'உனக்கு' என்று அந்த அம்மா எழுதியதைப் பாருங்கள். கீபோர்ட் வாசித்த உங்களுக்கு அந்த மெட்டு ஆகாது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கலியாண வீட்டுப் பாட்டு. ஆனால் கரோல் என்பது பதினேழு வயதுக்காரி தனக்குத்தானே பாடிக்கொள்வதல்ல. உங்கள் வாசலில் வந்து பாடுவது. உங்களைக் கதவைத் திறக்க முடியாமல் செய்கிற பாட்டைப் பாடிக்கொண்டு நாங்கள் யாருக்கு நற்செய்தி சொல்லப் போகிறோம்? எனக்கு உறுத்தியதில் பாதி இதுதான், நீங்கள் எழுதிய பிறகுதான் பிடிபட்டது.

மற்றப் பாதியைப் பாலையூற்று அக்கா சொல்லிவிட்டார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774 - 1864) நாங்கள் எல்லோரும் கீர்த்தனைக்காரர் என்று வணங்குகிறோம். எங்கள் உக்கிராணக்காரருக்கும் அவர் என்றால் உயிர். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்பது கோயிலிலும் அரண்மனையிலும் சனம் விழுந்தடித்துப் பார்த்த ஆட்டம். நாயகி காதலில் வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள், சிங்கன் தன் சிங்கியைத் தேடி வருவான், சிரிப்புக்கும் குறைவில்லை. சாஸ்திரியார் அதை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தியும் வருகிறாள், சிங்கனும் வருகிறான், பாட்டுடைத் தலைவர் மட்டும் பெத்லகேமில் பிறந்தவர். உள்ளே உள்ள பாட்டு முழுவதும் அவருடைய உழைப்பு. எங்கள் பிள்ளைகள் செய்தது, யாரோ உழைத்துப் போட்ட மெட்டில் 'கண்ணே' வருகிற இடத்தில் 'பாலனே' என்று மாற்றியது. அசுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன், சோம்பல் என்று சொல்வேன். பெற்ற பிள்ளைக்கு இரவல் சட்டை போட்டு ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது.

வெஸ்லி சகோதரர்களே சாராயக் கடைப் பாட்டு மெட்டில்தான் ஞானப்பாட்டுப் பாடினார்கள் என்று யாராவது ஞாயிறு கூட்டத்தில் எழும்புவார்கள், நிச்சயம். அது ஆதாரமில்லாத கதை. ஆதாரம் உள்ளது வேறு. 1761 இல் ஜோன் வெஸ்லி பாடுவதற்கென்று சில விதிகள் அச்சிட்டார். பாதி செத்தவர்கள் போலவும் பாதி தூங்குகிறவர்கள் போலவும் பாடாதீர்கள், பலத்த குரலில் தைரியமாகப் பாடுங்கள் என்று அதில் இருக்கிறது. பிஸ்கட் தங்கச்சி சொன்ன அரைத் தூக்கம் புதிதல்ல, அன்றைக்கே இருந்த நோய்தான். சனத்தின் பொழுதுபோக்குகளில் அவர் கடுமையானவர் என்பதையும் மறைக்கக் கூடாது. 1743 இல் அவர் எழுதிய பொது விதிகளில், ஆண்டவராகிய இயேசுவின் நாமத்தில் செய்ய முடியாத கேளிக்கைகளை விட்டுவிடு என்று இருக்கிறது. அந்த விதியை நான் சீரியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் வீட்டில் விளம்பர இடைவேளை தேறியது. சீரியல் தேறியதா என்று என்னால் சொல்ல முடியாது.

டிவியை உடைத்துவிடுங்கள் என்று பிரசங்கிக்கிறவர்கள் புதியவர்கள் அல்ல. 399 ஆம் ஆண்டிலேயே கொன்ஸ்தாந்திநோப்பிளில் அந்நகரப் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம், தன் சனம் ஆலயத்தை விட்டுக் குதிரைப் பந்தயத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஓடியதற்காகப் பொரிந்து தள்ளியிருக்கிறார். 'பொன் வாயர்' என்று பெயர் எடுத்த பிரசங்கிக்கே அந்தக் கதி. ஐபிஎல் இறுதிப் போட்டி நடக்கிற மாலையில் காலி வாங்குகளைப் பார்த்து ஆராதனை நடத்தியவனுக்கு அவர் கோபம் நன்றாக விளங்கும். ஆனால் அவர் அப்படிப் பேசியதால் பந்தயம் நின்றதாக எங்கும் நான் வாசிக்கவில்லை.

சரி, ஞாயிறு கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான். அந்த மெட்டு வேண்டாம். அந்த அடி வேண்டும். தவில்காரர் மகன் சொன்னபடி, ஆலயப் படியில் நின்று புறப்படும்போது கீர்த்தனை, அதையும் உயிரோடு பாட வேண்டும். சந்திகளில் பிள்ளைகளின் சொந்தப் பாட்டு, நம் பறை அடியில், கை தட்டி. மெட்டு எட்டுச் சுரத்துக்குள் இருந்தால் போதும், ஆச்சிமாரும் கூடப் பாட வேண்டுமே. வரிகளைப் பார்த்துத் திருத்துகிற வேலையை அந்த உக்கிராணக்காரரிடமே கொடுத்துவிட்டேன். நேற்றுப் போய்க் கேட்டேன். முதலில் முடியாது என்றார். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "'மாட்டுக்கொட்டில்' என்று எழுதியவன் எவன்? 'தொழுவம்' என்று ஒரு சொல் இருக்கிறதே" என்றார். தேத்தண்ணீரும் கிடைத்தது.


பதில்: நிலாவெளி சாட்சி

மெனாந்தர் கதையை நான் விசாரித்துப் பார்க்க வேண்டும் பாஸ்டர். டிவி விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் மெட்டுப் போட ஆள் இல்லை என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறா. கீபோர்ட்டை நான் விற்கவில்லை, எங்கள் சபையில் வாசிக்கிறேன். பிள்ளைகள் வரிகளை அனுப்பினால் ஒரு மெட்டுப் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பலாம். படப்பாட்டுச் சாயல் இருக்காது என்று உறுதி தருகிறேன், எது சாயல் என்று எனக்குத்தானே தெரியும்.


பதில்: தவில்காரர் மகன்

தவில் தரமாட்டேன் ஐயா, முதலே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் மழையில் தோல் நனைந்தால் அப்பா என்னை வீட்டுக்குள் எடுக்க மாட்டார். பாடசாலை பாண்ட் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி பிளாஸ்டிக் தோல் போட்ட டிரம் இரண்டு என்னிடம் இருக்கிறது. அடிக்கவும் சொல்லிக்கொடுப்பேன். பறை அடி கேட்கிறீர்கள், அது கம்பைப் பிடிக்கிற விதத்தில் இருக்கிறது, ஒரு பின்னேரத்தில் வராது.


பதில்: உவர்மலைப் போதகர்

இரண்டு பேருக்கும் நன்றி தம்பிமார். டிரம்மைச் சனிக்கிழமை நாலு மணிக்கு மிஷன் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பின்பக்க மண்டபத்தில் பழகலாம். மான்கள் வந்து வேலியோரம் நிற்கும், முதல் அடிக்கே ஓடிவிடும், அதற்காக நிறுத்த வேண்டாம். ஆறரைக்கு முன் முடிக்க வேண்டும், பக்கத்து வீட்டில் சீரியல் தொடங்கிவிடும்.